சூட்டுக்குக் கணக்குக் கேட்டவர்

என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டவர்களில் என்னைவிட நாலு வயது மூத்தவர் அவர் ஒருவர்தான். மதுரையில் அண்ணே என்பதற்கும் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது. பஸ் கண்டக்டர், பழக்கடைக்காரர், சைக்கிளுக்கு லைட் இல்லை என்று பிடிக்கிற போலீஸ்காரர், எல்லோரும் அண்ணேதான். ஆனாலும் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், அட்டையில் ஓட்டை போட்டுப் பிழைக்கிற என்னை அப்படிக் கூப்பிட்டதும் ஒரு வாரம் என் நடையே மாறிவிட்டது. வாட்ச்மேனையும் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்த பிறகு பழைய நடைக்குத் திரும்பினேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நடக்கிறது. அங்கே நான் பஞ்ச் ஆபரேட்டர். விஞ்ஞானிகள் கையால் எழுதித் தருவதை நான் தட்டச்சு செய்ய, என் மெஷின் ஒரு வரிக்கு ஒரு அட்டை வீதம் ஓட்டை போட்டுத் தள்ளும். அந்த அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டருக்குள் விட்டால், வரிசையில் நம் முறை வந்து, மறுநாள் காலையில் பதில் காகிதத்தில் அச்சாகி வரும். தட்டுவது என்ன என்று எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனுக்கு மாப்பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கொள்கை.

அவரை முதலில் பார்த்தது கேண்டீனில். முன்னால் இரண்டு டீ. ஒன்று கண்ணாடி கிளாஸில், ஒன்று எவர்சில்வர் டம்ளரில். இரண்டையும் குடிக்காமல், மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்து, கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி மேஜையிலேயே ஏதோ குறித்தார். யாரோ வரவேண்டியிருக்கிறது, வரவில்லை என்று நினைத்து என் பங்குக்கு உதவப் போனேன்.

"வாரவுக வரலைன்னா நான் இருக்கேன் மேடம்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் ரெண்டு நிமிசம் பொறுங்கண்ணே. ரெண்டையுமே நீங்க குடிக்கலாம்."

ஆறிப்போன இரண்டு டீயைக் குடித்தவன் என்ற தகுதியோடு எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சூடு எங்கே போகிறது? ஆறிவிட்டது, தணிந்துவிட்டது என்று நாம் சொல்லி முடிக்கிற இடத்தில் அவர் ஆரம்பிப்பார். எதுவும் சும்மா ஆறாது, எங்கேயோ யாரோ அதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், அது யார் என்று தெரிந்தாக வேண்டும்.

ஒருநாள் டைரக்டர், ஸ்டோர் கிளார்க்கை வராந்தாவில் நிறுத்தி அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். கிளார்க் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்தில் அட்டைக் கட்டோடு நின்றிருந்த இவரிடம் சொன்னேன்:

"எம்புட்டுப் பொறுமை பாத்தீங்களா மேடம்."

"பொறுமை சரி. இம்புட்டையும் வாங்கிக்கிட்டாருல்ல, அது எங்கண்ணே போகும்?"

"சாயங்காலம் அவரு வீட்டுக்குப் போகும்."

"வீட்டம்மாவுக்கா?"

"அவுகளுக்குப் பெறகு மூத்த பையனுக்கு."

"பையன் யாருகிட்டக் குடுப்பான்?"

"தெருநாய்கிட்ட."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப கடைசியில நாய்தான் ஓடணும்" என்றார். சிரிக்கவில்லை. நான் ஒரு ஜோக்கைச் சொன்னால், அதைப் பிரித்துப் போட்டு, கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பித் தருவார். ஊரில் எனக்குச் சிரிக்க ஆள் நிறைய இருந்தார்கள். சரிபார்க்க அவர் ஒருவர்தான்.

சொந்த ஊர் எழுமலைப் பக்கம். பருத்திக்காட்டுக் குடும்பம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. கேட்டால், பருத்திக்காட்டில் மத்தியானம் மண் எத்தனை விரல் ஆழத்தில் குளிர ஆரம்பிக்கும் என்று சொல்வார்.

ஒரு தடவை டவுன் பஸ்ஸில் அவரும் நானும் பெரியார் பஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாட்டுச்சந்தைப் பக்கம் வண்டி ஆவி விட்டு நின்றுவிட்டது. டிரைவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். இவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அண்ணே, இப்பத் தொறக்காதீங்க. பதினேழு நிமிசம் ஆகும்."

"நீ என்னம்மா ஜோசியம் பாக்குறியா?"

"இல்லண்ணே. காத்து இல்லைல்ல. இருந்தா பன்னண்டு போதும்."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் பதினைந்து நிமிஷம் வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் கௌரவம் தாங்காமல் திறந்தார். கொதிநீர் பீறிட்டு முழங்கை வரை தெறித்தது. யாரும் சிரிக்கவில்லை. இவர் இறங்கிப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு நிமிசந்தான இருந்துச்சு" என்றார். ஜெயித்த குரல் இல்லை அது. தன் பிள்ளை சுட்டுக்கொண்டதைப் போல வருத்தப்பட்டார். பாட்டில் காலியானதும் கடிகாரத்தைப் பார்த்து, "இப்பத் தண்ணி ஊத்தலாம்ணே" என்றார். டிரைவர் மறுபேச்சில்லாமல் ஊற்றினார்.

இன்னொரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு யானைமலை அடிவாரத்தில் நின்று பாறையில் உள்ளங்கையை வைத்திருந்தார். அந்த வழியே சைக்கிளில் வந்த நான், வேண்டுதலாக்கும் என்று கொஞ்ச தூரத்திலேயே இறங்கி நின்றேன். "இங்க வாங்கண்ணே, தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். கதகதவென்று இருந்தது.

"வெயில் போயி எம்புட்டு நேரமாச்சு. இன்னும் சுடுதே" என்றேன்.

"இது இப்பத்த சூடு இல்லண்ணே. மத்தியானம் உள்ள போனது. போயிட்டு இப்பத்தான் திரும்பி வருது. நீங்க தொடுறது ரெண்டு மணி வெயில."

கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மலையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அது யானை மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றியதில்லை.

அவருடைய ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிந்த அளவுதான் உங்களுக்கும் கிடைக்கும்.

வளாகத்தின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆளுயர ஃபிளாஸ்க் மாதிரி ஒரு பாத்திரம். அதற்குள் அவர் சுற்றிய காந்தம், அதாவது ஒரு கம்பிச் சுருள். கம்பி தலைமயிரைவிடச் சற்றுத் தடிமன். ஏதோ ஒரு உலோகக் கலவையை இழை இழையாகச் செம்புக்குள் வைத்து இழுத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ரீல் வந்தது, இன்னொன்று வராது என்று எழுதியே சொல்லிவிட்டார்கள். ஒர்க் ஷாப் மெக்கானிக், எல்லோருக்கும் அவர் பாய், பழைய கடைசல் மெஷினை மாற்றிக் கொடுக்க, அவரும் இவருமாக இரண்டு வருஷம் உட்கார்ந்து, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினார்கள். பாய் சுற்றுவார், இவர் எண்ணுவார். தும்மல் வந்தால் நிறுத்திவிட்டுத் தும்முவார்கள்.

இந்தச் சுருளை ஹீலியம் திரவத்தில் மூழ்கவைத்தால், மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது டிகிரிக் குளிரில், கம்பி கரண்டுக்குத் தடையே சொல்லாது. ஏற்றிய கரண்ட் தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒத்தக்கடையில் அப்போது நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது. அப்பேர்ப்பட்ட ஊரில், போகவே மாட்டேன் என்கிற கரண்டை ஒருவர் வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து ஒன்று உண்டு. சுருளில் எங்காவது கடுகளவு இடம் கொஞ்சம் சூடாகிவிட்டால், அந்த இடம் மட்டும் தடை சொல்ல ஆரம்பிக்கும். தடை சொன்னால் மேலும் சூடு. சூடு பக்கத்துக் கடுகுக்குப் பரவும். சுருளில் சேர்ந்திருக்கிற அத்தனை சக்தியும் முதலில் சூடான அந்தக் கடுகின் தலையில் வந்து இறங்கும். சில செகண்டில் கம்பி உருகிவிடும்.

"டவுன்ஹால் ரோட்டுல கூட்டம் அது பாட்டுக்குப் போகுது, ஒருத்தன் செருப்பு அறுந்து நின்னுட்டான், அப்புறம் எல்லாரும் முட்டிக்கிறாங்க, அது மாதிரியா மேடம்?" என்று கேட்டேன்.

"மாதிரிதான். ஆனா செருப்பு அறுந்தா தெரு உருகாதுல்ல" என்றார்.

அந்தச் சில செகண்டைத்தான் அவர் காகிதத்தில் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். சுருளை நூற்றுக்கணக்கான துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு செகண்டையும் ஆயிரமாக வெட்டி, இந்தத் துளி நேரத்தில் எவ்வளவு சூடு உள்ளே வந்தது, பக்கத்துத் துண்டுக்கு எவ்வளவு போனது, ஹீலியத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அதற்குள் கரண்ட் எவ்வளவு குறைந்தது. எல்லாம் முடிந்ததும் அடுத்த துளி. கண்சிமிட்டுகிற நேரத்தில் நடந்து முடிகிற விபத்தை ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். நானூறு அட்டைகள். அத்தனையும் நான் குத்தியவை.

இனி என் பெருமைக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விஞ்ஞானிகள் அவசரத்தில் எழுதுவார்கள். கமாவை விடுவார்கள், பூஜ்யத்தை 'ஓ' மாதிரிப் போடுவார்கள். அதையெல்லாம் கேட்காமலே திருத்திக் குத்துகிறவன்தான் நல்ல ஆபரேட்டர். நான் நல்ல ஆபரேட்டர் என்று பெயரெடுத்தவன். இரண்டு விஞ்ஞானிகள் எனக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை. ஹீலியம் லாரியில் வந்து இறங்கிவிட்டது. அது நிற்காமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், திங்கள் தாண்டினால் காந்தத்தை மூழ்கடிக்கப் போதாது. திங்கள் மூன்று மணிக்கு டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து, காந்தம் முழுக் கரண்டில் ஓடுவதைப் பார்க்கிறார்கள். ஓடினால் கொட்டகை இருக்கும். இல்லாவிட்டால் மூடச்சொல்லிக் கடிதம் தயாராக இருக்கிறது என்று கேண்டீன் வரைக்கும் தெரியும். முழுக் கரண்ட் ஏற்றலாமா, நடுவில் ஒரு கடுகு சூடானால் காந்தம் பிழைக்குமா என்று கம்ப்யூட்டர் சொல்லவேண்டும். அதற்காக அவர் சில வரிகளை மாற்றி எழுதிக் கொண்டுவந்தார்.

அதில் செம்பின் வெப்ப எண் பட்டியல் ஒன்று. ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு சூடு வேண்டும் என்ற எண். கடைசி வரியில் .09 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. பத்தாம் வகுப்பில் நான் சரியாக எழுதிய ஒரே விடை அது. செம்பு, பாயிண்ட் பூஜ்யம் ஒன்பது. ஆனால் மேலே முதல் நாலு வரியில் .00002, .0002 என்று பூஜ்யமாக வரிசை கட்டியிருந்தார். பாவம், தூக்கமில்லாமல் எழுதியிருக்கிறார், புள்ளி நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். செம்பு செம்புதானே. நாலு அட்டையிலும் .09 என்று போட்டேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை காகிதம் வந்தது. டைரக்டர் இவரை அறைக்கு அழைத்தார். நானும் காகித மடிப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சுருளில் மிக அதிகமாகச் சூடாகும் இடம் எவ்வளவு போகும் என்று அதில் வரிசையாக இருந்தது. அவர்கள் அளவில் நம் உடம்பே முந்நூற்றுப் பத்து. காந்தமோ அறுபத்துநாலைத் தாண்டவில்லை. ஐஸைவிடக் குளிர்ச்சி.

"பிரமாதம்மா. மெஷினே ஓகே சொல்லிருச்சு" என்றார் டைரக்டர்.

இவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இம்புட்டு நல்லா இருக்கக் கூடாது."

"நல்லா வந்தாலும் கவலைப்படுறியே, உன்னைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

இவர் அந்தக் காகித மடிப்பைத் தோளில் சாத்திக்கொண்டு போனார். சனியும் ஞாயிறும் அவரைக் காணவில்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் நோட்டுப் புத்தகம். கம்ப்யூட்டர் செய்த வேலையை முதல் துளி நேரத்திலிருந்து கையால், லாகரிதம் டேபிள் வைத்து, போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் சூடாகிற கடுகைச் சுற்றிய சில துண்டுக்கு மட்டும், இரண்டு நாளில் ஐம்பது துளி நேரம்தான் முடிந்தது. அது போதுமாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஆரம்பத்துல சூடு உள்ள வருது. என் நோட்டுல டிகிரி ஏறுது. உங்க காகிதத்துல ஏறவே இல்ல. வந்த சூட்டை நடுவுல யாரோ எடுத்துக்கிட்டாங்க."

எனக்குக் காது சூடானது. ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்கலாமா என்று தேடினேன். முப்பது வருஷ வாழ்க்கையில் முதல்தடவையாக ஸ்டாக் இல்லை.

"நான்தான் மேடம் எடுத்தேன்" என்றேன். அட்டை விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பத்தாப்புல படிச்சது சரிதாண்ணே, அது நம்ம ஊருச் செம்புக்கு. அந்தக் குளிர்ல செம்புக்கு வயிறு சுருங்கிப் போயிரும். ஒரு துளி சூட்டுக்கே நெறஞ்சு டிகிரி ஏறிரும். நீங்க அதுக்குப் பெரிய வயிறா வச்சு விட்டுட்டீங்க. அம்புட்டையும் தின்னுட்டு அது குளுந்துபோயி ஒக்காந்திருக்கு."

"என் வயித்தையே வச்சிட்டேன் போல மேடம்."

அதைச் சரிபார்க்க அவருக்கு நேரமில்லை. "நாலு அட்டையையும் மாத்திக் குத்துங்க. நான் மத்தவங்ககிட்டக் கேட்டு வரிசைய நிறுத்துறேன்."

பத்தரை மணிக்குப் பதில் வந்தது. அச்சாக அச்சாக நாங்கள் இருவரும் குனிந்து படித்தோம். அறுபத்துநாலைச் சாதாரணமாகத் தாண்டியது. இருநூறு. முந்நூற்று எண்பது. அறுநூற்று ஐம்பது. தொள்ளாயிரத்து நாற்பது. அதற்கடுத்த வரியில் எண்ணே இல்லை, ஐந்து நட்சத்திரம். அடுத்த வரியிலும் நட்சத்திரம். கீழே காகிதம் முடிய நட்சத்திரம்.

டைரக்டரிடம் கொண்டுபோனோம். "இதென்னம்மா பூக்கோலம்?"

"எண்ணுக்கு விட்ட இடம் பத்தல சார், பத்தாட்டி மெஷின் நட்சத்திரம் போடும். ஆயிரத்தத் தாண்டிருச்சு. கம்பி போயிரும்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வெள்ளிக்கிழமை வந்தது?"

இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதனால்தான் நான் பேசவேண்டியதாயிற்று.

"அந்த நாலு அட்டைய மாத்துனது நான் சார்."

"எதுக்கு?"

"திருத்துனேன் சார்."

"யாரு திருத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். என் திறமைதான்."

டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டோர் கிளார்க்கின் குடும்பமே என் கண்முன் வந்து போனது. ஆனால் அவர் திட்டவில்லை. அவருக்கும் அந்தக் காந்தம் ஆறு வருஷம். "பாதிக் கரண்ட் ஏத்திக் காட்டுவமா?" என்று இவரிடம் கேட்டார்.

"பாதி போதாதுன்னு மூடிருவாங்க சார்." நோட்டைத் திறந்தார். "கம்பிய உள்ளயே சாகவிடாம, சக்திய வெளிய இழுத்துரணும். இப்ப வெளிய வச்சிருக்கற தடை சின்னது, மெதுவா இழுக்குது. பெருசா வச்சா வேகமா வெளிய வரும். ரொம்பப் பெருசா வச்சா வோல்டேஜ் ஏறி, அடுக்குக்கு நடுவுல இருக்கற காகிதம் ஓட்டையாயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு சார். இரும்புக் கம்பி இருந்தா நூத்திப் பத்து மீட்டர் போதும்."

"மூணு மணிக்கு ஆளுக வாராங்க. நூத்திப் பத்து மீட்டர் கம்பிக்கு எங்க போறது?"

பாய்தான் சொன்னார், வாசலில் நின்றபடி: "சாரோட ரோஜாத் தோட்டத்துக்கு வேலி கட்ட வாங்கின கம்பி ஸ்டோருக்குப் பின்னாடி சும்மா கெடக்கு சார்."

ஆடுகள் உள்ளே வராமலிருக்க டைரக்டர் ஆசையாக வாங்கிவைத்த கம்பி அது. ஒரு நிமிஷம் ரோஜாவுக்கும் காந்தத்துக்கும் நடுவில் நின்றார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

கம்பியின் தடிமனைப் பாய் அளந்து சொல்ல, இவர் அதே இடத்தில் நின்று நீளத்தைத் திருத்தினார். நூற்று நாலு. அந்தத் தடையைப் போட்டு மறுபடி கம்ப்யூட்டரை ஓட்டினோம். மிக அதிகச் சூடு நூற்று எழுபதில் நின்றது. நட்சத்திரம் இல்லை. கொட்டகைக்கு வெளியே எதிரெதிராக மரக்கம்பம் நட்டு, பீங்கான் குமிழ் வைத்து, கம்பியைப் போகவும் வரவும் வீணை நரம்பு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினோம். எல்லாம் முடியும்போது டெல்லிக் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது.

கொட்டகைக்குள் போகுமுன் அவர் என்னிடம் வந்தார். "அண்ணே, உங்களுக்கு ரெண்டு வேலை. ஆடு வந்தா விரட்டணும். கம்பியத் தொட்டா செத்துரும், நீங்களும் தொட்ராதீக. காந்தம் ஒருவேளை போச்சுன்னா சக்தி அம்புட்டும் இந்தக் கம்பிக்கு வரும். கம்பி சூடாகி நீளும், தொய்யும். அரைச் சாண் தொஞ்சா நம்ம கணக்கு சரி. அதுக்குமேல தொஞ்சா தப்பு. தொடாம ஸ்கேல வச்சு அளந்து சொல்லுங்க."

"தொய்யவே இல்லைன்னா?"

"சக்தி வெளிய வரலைன்னு அர்த்தம். உள்ள எரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, அந்தச் சரித்திர நிகழ்ச்சியில் நான் ஆடு மேய்த்தேன். மர ஸ்கேலோடு நின்றேன். ஜன்னல் வழியே அவர் குரல் மட்டும் கேட்டது. இருபது ஆம்பியர். நாற்பது. அறுபது. ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம். எண்பது. தொண்ணூறு. நூறு என்றதும் உள்ளே கைதட்டினார்கள். முழுக் கரண்ட். டெல்லிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ பாராட்டினார். எனக்கு முன்னால் பன்னிரண்டு வரிசைக் கம்பி, வெயிலில் அசையாமல், நேர்க்கோடாக நின்றது. ஒரு ஆடு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கைதட்டல் அடங்கி இரண்டு நிமிஷம் இருக்கும். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். எங்கோ ஒரு கடுகு சூடானதும் கரண்டை வெளிக்கம்பிக்குத் திருப்பிவிடுகிற சுவிட்ச், ரிலே, விழுந்த சத்தம் என்று அப்புறம் சொன்னார்கள்.

அடுத்து நான் கண்டதை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. காற்று இல்லை. யாரும் தொடவில்லை. பன்னிரண்டு வரிசைக் கம்பியும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி, மெல்லக் கீழே வளைந்தன. பெருமூச்சு விட்டுத் தோளைத் தொங்கவிடுகிற மாதிரி. கொட்டகைக் கூரைக் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஹீலியம் ஆவி பனைமர உயரத்துக்குக் கிளம்பியது. உள்ளே ஆட்கள் ஓடுகிற சத்தம், நாற்காலி விழுகிற சத்தம். அதற்கு நடுவில் அவர் குரல் மட்டும் அதே வேகத்தில் எண்ணிக்கொண்டிருந்தது. மூணு. நாலு. அஞ்சு. ஆறு.

கம்பி நின்றது. ஸ்கேலை நீட்டினேன். நாலே முக்கால் அங்குலம். என் கையை விரித்து, அரைச் சாணை அதே ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நாலரை. கால் அங்குலத்துக்கு என் கைதான் காரணமாக இருக்கும்.

ஓடினேன். வாசலில் டெல்லிக்காரர்கள் இருமிக்கொண்டு நின்றார்கள். உள்ளே பாய் மீட்டரின் இரண்டு முனையையும் சுருளின் இரண்டு முனையில் வைத்துக் குனிந்திருந்தார். கம்பி எங்காவது அறுந்திருந்தால் முள் அசையாது. முள் எழுந்தது, பாதி வழி போய் நின்றது.

"இருக்கு மேடம்" என்றார் பாய். "உசுரோட இருக்கு."

டெல்லிக்காரர்களில் பெரியவர் திரும்பி வந்து, மறுபடி எப்போது ஓட்டலாம் என்று கேட்டார். கொட்டகையை மூடப்போகிறவர் கேட்கிற கேள்வி இல்லை அது. டைரக்டர் அவர் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடுவதற்கு மறந்துபோய்.

இவரைக் காணவில்லை. வந்தவர்களுக்காக வாங்கிவைத்த பன்னீர் சோடாவில் ஒன்றை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். கொட்டகைக்குப் பின்னால், காலியான கம்பி ரீல் மேல் உட்கார்ந்திருந்தார். அளவைச் சொன்னேன். தலையசைத்தார். சோடாவை வாங்கி வாயில் வைத்தார். பாட்டில் பல்லில் மோதி, பாதி சேலையில் கொட்டியது.

"என்ன மேடம் இது?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"கணக்கு அம்புட்டும் அச்சா வந்துருக்கு. அரைச் சாண்னீக, அரைச் சாண். பெறகு என்ன பயம்?"

"கணக்கு தெரிஞ்சதாலதான்ணே. மூணாவது செகண்டுல எந்த எடம் எப்படிக் கொதிக்கும், சந்து தவறுனா எந்தச் சுத்து முதல்ல போகும், அம்புட்டும் நான் பாத்துக்கிட்டே எண்ணுனேன். மத்தவங்களுக்கு டக்குனு ஒரு சத்தம். எனக்கு அப்படி இல்லைல்ல."

பாட்டிலின் அடியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் குடித்தார்.